தாவூது திரும்பிப் பார்த்தபோது

அத்தியாயம் 14

கோபே நகரத்துக்கு வந்து நாலு நாளாகியும் அஜீசுன்னிசா அந்த ஒரு விஷயத்தைப் புருஷனிடம் சொல்லவில்லை.

நேரம் இல்லாமல் இல்லை. இப்படி ஓய்வாக ஊர் சுற்றுகிற புருஷன் பெண்டாட்டியை ராயபுரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒசாகாவில் வேலை பார்க்கும் மகன் அஃப்ரித், தன் அறை இரண்டு பேர் தங்கக் காணாது என்று, பக்கத்து ஊரான கோபேயில், துறைமுகம் தெரிகிற ஓட்டலில் இவர்களுக்கு இடம் போட்டுக் கொடுத்திருந்தான். "அரக்கப் பரக்க ஓடாதீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு பாத்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்படியே நடந்தது. ஒரு நாள் மலைமேல் கம்பியில் தொங்கிப் போகிற வண்டி. ஒரு நாள் வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த பழைய மாளிகைகள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல். "குண்டு போட்டப்பவும் விழலியாம், பூகம்பம் வந்தப்பவும் விழலியாம்" என்று தாவூது அதன் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். மத்தியானமானால் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம். சாயங்காலம் கடலோரம்.

இத்தனைக்கும் நடுவே அஜீசுன்னிசாவின் தொண்டையில் மீன்முள் போல நின்றுகொண்டிருந்தது மகள் ஃபரா சொன்ன வார்த்தை.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள் ஃபரா. "அம்மா, உபைது நல்லவன்தான். நான் இல்லைனு சொல்லல. ஆனா சின்ன வயசுல அவன் மூக்க தொடச்சு வுட்டவ நானு. அவன எப்டிம்மா மாப்ளனு பாக்கறது? நீங்க திரும்பி வர்றதுக்குள்ள அத்தா கிட்ட சொல்லிடும்மா."

உபைதுல்லா வேறு யாருமில்லை. தாவூதின் அக்கா ரஹீமுன்னிசாவின் ஒரே மகன். அக்கா பெண் கேட்டார். தம்பி வாக்குக் கொடுத்துவிட்டார். ஊர் திரும்பியதும் நிச்சயம். அதுவரை ஃபரா தனியாக இருக்க வேண்டாம் என்று, பழைய வண்ணாரப்பேட்டையில் அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வாக்குக் கொடுத்த கதையும் வேடிக்கைதான். நோன்பு மாதத்தில் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கூட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. தாவூது எப்போதும் போல முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனார். அஜீசுன்னிசா எப்போதும் போலப் பின்னால் போனாள். போகிற போக்கில், திரும்பாமலே, "அக்கா நம்ம ஃபராவ உபைதுக்கு கேக்குது. குடுத்துடலாம்ல?" என்றார். அவள் கையில் மூன்று பை. பக்கத்தில் ஒருவன் நைட்டி ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வருவதற்குள் தாவூது அக்காவுக்குப் போன் போட்டு முடித்திருந்தார்.

அவர் கெட்ட மனிதரில்லை. பின்னால் இருந்து மறுப்பு வரவில்லை என்றால் சம்மதம் என்று பழகிப் போனவர். அவ்வளவுதான்.

இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று காலையிலேயே தீர்மானித்துக்கொண்டாள். தாவூது ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, ஃபராவ பத்தி ஒரு விஷயம்."

"தோ பாரு அஜீசு, அந்தக் கிரேன. நம்ம எண்ணூர்ல கீதே, அத்தோட அண்ணன் மாதிரி கீது. கழுவி மெழுகி எம்மாம் ஷோக்கா வச்சிகினு கீறானுங்க பாரு."

"பாத்தேன். ஃபரா இன்னா சொல்லிச்சுனா..."

"மண்டப விஷயந்தான? போட்ல போய் பேசிக்கலாம். மொதல்ல கெலம்பு."

படகுப் பயணத்துக்காகத்தான் அவர் இந்த ஊருக்கே வந்தார் என்று சொல்ல வேண்டும். ராயபுரத்தில் தாவூது செய்வது கப்பல் சப்ளை. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, முட்டை, வெங்காயம், ஆட்டுக்கறி என்று சமையல் சாமான் ஏற்றிக் கொடுக்கிற தொழில். வாலிப வயதிலிருந்து கப்பல் ஏணி ஏறி இறங்குகிறவர். ஆனால் ஏறிய கப்பல் எதுவும் அவரை வைத்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்ததில்லை. எத்தனையோ கப்பல்களின் பின்பக்கத்தில் 'கோபே' என்று எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அந்த ஊர்த் தண்ணீரில் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

படகுத்துறைக்கு நடந்தே போனார்கள். வெயில் இருந்தது, சூடு இல்லை. வழியில் சிவப்பாக, இடுப்பு சிறுத்து நின்ற கோபுரத்தைப் பார்த்து, "பெரம்பு மோடாவ நிக்க வச்ச மாதிரி கீது" என்றார். பின்னால் வந்த அஜீசுன்னிசா சிரித்தாள். நடைபாதை அகலமாக, காலியாகக் கிடந்தது. நாலு பேர் கைகோத்து நடக்கலாம். அப்படியும் அவர் முன்னால், இவள் பின்னால். கால்களுக்கு எம்.சி. ரோடு மறக்கவில்லை.

சீட்டு இரண்டும் தாவூது கையில். போனும் அவர் சட்டைப்பையில்தான். அவளுடைய போனுக்கு இந்த ஊர் சிம் போடாததால் அது அறையிலேயே கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதானே இருக்கப் போகிறோம் என்று விட்டுவிட்டார்கள்.

வரிசையில் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெரிய கூட்டம் நின்றது. பெண்கள் எல்லோரும் விதவிதமான நிறத்தில் முக்காடு போட்டிருந்தார்கள். அஜீசுன்னிசாவுக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. வரிசை நகர்ந்தபோது காலில் ஏதோ இடறியது. அஃப்ரித் வாங்கிக் கொடுத்த கயிறு வைத்த ஷூ. ஒரு பக்கத்துக் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. வாழ்நாள் முழுக்கச் செருப்புப் போட்டவளுக்கு அந்த முடிச்சுப் பிடிபடவில்லை. ஓரமாக ஒதுங்கிக் குனிந்தாள். கயிற்றை எப்படியோ ஷூவுக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தாள்.

தாவூது படகுக்குள் போயிருந்தார். சீட்டு இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டுக் கட்டைவிரலால் பின்னால் காட்டியிருப்பார். பின்னால் முக்காடு போட்ட பெண்கள் இருபது பேர். வாங்கியவன் என்ன கண்டான்?

படகில் ஏறும் படியை இன்னும் எடுக்கவில்லை. மேல்தளத்தில் அவருடைய வெள்ளைத் தொப்பி நன்றாகத் தெரிந்தது. "இன்னாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. இன்றைக்கு, இந்த ஊரில், ஒரே ஒரு தடவை.

தொப்பி கடலைப் பார்த்தபடியே இருந்தது. கைகள் எதையோ விளக்கிக்கொண்டிருந்தன. படியை எடுத்தார்கள். படகு கரையை விட்டு விலகியது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பாஷை தெரியாது. கையில் போன் இல்லை. ஓட்டல் பெயர்கூட வாயில் நுழையாது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

படகுத்துறையில் வேலை செய்யும் நீலச் சட்டைப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். என்னவோ கேட்டாள். பதில் வராததால் போனை எடுத்து அதனிடம் பேசி, இவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன் பழைய ரேடியோச் செய்தி போலத் தமிழ் பேசியது.

"வணக்கம். நீங்கள் படகைத் தவறவிட்டீர்களா?"

அஜீசுன்னிசாவுக்கு உயிர் வந்தது. "தவற வுடல. அவுரு போயிட்டாரு. நான் நின்னுட்டேன்."

போன் அதை எப்படிச் சொன்னதோ, அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள்.

"உங்கள் கணவர் உங்களை மறந்துவிட்டாரா?"

"மறக்கல. திரும்பிப் பாக்கல."

"கவலைப்படாதீர்கள். படகு ஒரு வட்டம் சுற்றி இதே இடத்துக்குத் திரும்பிவிடும்."

அந்தப் பெண் போய்விடுவாள் என்று நினைத்தாள். அவளோ பக்கத்திலேயே உட்கார்ந்து, போனை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்பது போல முகத்தைப் பார்த்தாள்.

அஜீசுன்னிசா போனைப் பார்த்தாள். தூரத்தில் சின்னதாகிக்கொண்டு போன படகைப் பார்த்தாள். பிறகு, கிணற்றுக்குள் பேசுகிறவள் போலக் குனிந்து சொன்னாள்.

"எம்பொண்ணுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல."

போன் ஜப்பான் பாஷையில் பேசியது. பெண் முதலில் குழம்பினாள். பிறகு முகம் மாறியது. மெதுவாகக் கேட்டாள்.

"உங்கள் மகள் நலமாக இருக்கிறாரா?"

"பயந்துகினு கீறா."

"நீங்கள்?"

ஒரே சொல். அஜீசுன்னிசா போனைப் பார்த்தே சொன்னாள். "நானுந்தான்."

சொன்ன பிறகு கவனித்தாள். ஒன்றும் ஆகவில்லை. எதிர்க்கரையில் கிரேன் தன்பாட்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தது. கடல் அதே நிறத்தில் இருந்தது. நாலு நாளாக உள்ளேயே சுழன்றுகொண்டிருந்த வார்த்தை வெளியே வந்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. அந்தப் பெண் உள்ளே போய்ச் சூடாக ஒரு டீ பாட்டில் வாங்கி வந்து அவள் கையில் வைத்துவிட்டு, குனிந்து வணங்கிப் போனாள்.

படகு திரும்பியபோது முதலில் இறங்கியவர் தாவூது. படி சரியாக விழுவதற்கு முன்பே இறங்கப் பார்த்து, ஒரு ஆள் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"ஒனக்கு இன்னா ஆச்சும்மே? எங்க போய் நின்ன? படகோட்டறவன் கால்ல விழாத கொறைதான், திருப்புடானு. அவனுக்கு நான் பேசறது புரியல. என் உசுரு எங்கிட்ட இல்ல."

"இங்கதான் இருந்தேன். ஒக்காருங்க. டீ குடிங்க."

"டீயா? டீ யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஒரு பொண்ணு. குடிங்க மொதல்ல."

குடித்தார். பாட்டிலை மூடாமலே பெஞ்சில் வைத்தார். வெளியிடத்தில் அவர் தன் கையைப் பிடித்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டார்.

"பேசிகினே போனேன் அஜீசு" என்றார், குரல் இறங்கி. "நீர்மூழ்கிக் கப்பல் கட்டற எடம் வரைக்கும் பேசிகினே போனேன். மண்டபத்த முடிச்சிடலாம்னேன். பிரியாணிக்கு சௌக்கத் அலி பாய்னேன். நிச்சயத்தையும் நிக்காஹையும் ஒரே நாள்ல வச்சிக்கலாமானு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. சரி, ஒத்துகினனு எனக்கு ஒரே சந்தோசம். கப்பல காட்டலாம்னு திரும்பறேன், பச்ச முக்காடு போட்ட ஒரு அம்மா நிக்கிது. இந்தோனேசியாவாம். நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிகினே வந்திருக்கு."

அஜீசுன்னிசாவால் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சிரிக்காத. நீ ஒரு கொரல் குடுத்திருந்தா நின்னிருப்பேன்ல?"

"குடுத்திருக்கலாம். படி எடுக்கல. நீங்க கண்ணுக்குத் தெரிஞ்சீங்க. நான்தான் குடுக்கல."

"ஏன்?"

"திரும்பறீங்களானு பாத்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் குனிந்து, அவளுடைய ஷூவுக்குள் திணித்துக் கிடந்த கயிற்றை வெளியே இழுத்து, கப்பல்காரர்களிடம் கற்றுக்கொண்ட இறுக்கமான ஒரு முடிச்சைப் போட ஆரம்பித்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை.

அவர் தலை குனிந்திருந்தபோதே சொல்லிவிட்டாள்.

"ஃபராவுக்கு இந்தக் கல்யாணம் வேணாமாங்க."

கயிற்றில் இருந்த விரல்கள் நின்றன.

"எப்ப சொன்னா?"

"கெலம்பறதுக்கு மொத நாளு."

"இத்தினி நாளா உள்ளயே வச்சிகினு கீறியா?"

"மூணு தடவ ஆரம்பிச்சேன். நீங்க கிரேன காட்டனீங்க."

நிமிர்ந்து பார்த்தார். "வேற யாரையாச்சும்...?"

"இல்ல. அப்டி எதுவும் இல்ல. உபைத அவளுக்கு தம்பி மாதிரிதான் தெரியுது. சின்ன வயசுல மூக்கு தொடச்சு வுட்டாளாம்."

தாவூதின் மீசை லேசாகத் துடித்தது. சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. "அக்காக்கு வாக்கு குடுத்துட்டேனே அஜீசு. அம்மா மௌத்தானதுக்கு அப்பால எனக்கு தல சீவி ஸ்கூலுக்கு அனுப்பனது அது. தான் படிக்காம என்ன படிக்க வச்சுது. அது எங்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதான். இல்லைனு எந்த வாயால சொல்லுவேன்?"

"எனக்கும் அதாங்க பயம். ஆனா நாளைக்கு ஃபரா நம்ம எதிர்ல வந்து நின்னா, அப்ப எந்த மூஞ்சிய வச்சிகினு பாப்போம்?"

அவர் குனிந்து, பாதியில் நின்ற முடிச்சைப் போட்டு முடித்தார். இந்தோனேசியாக்காரர்கள் கூட்டமாகப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பச்சை முக்காடு போட்ட அம்மாள் தாவூதைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார்.

"அந்தம்மா ஒத்துகினா எம்பொண்ணு கல்யாணம் நடந்துடுமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"இப்பவேயா? ஊருக்குப் போய் நேர்ல சொல்லலாமே" என்றாள் அஜீசுன்னிசா.

"ஊருக்குப் போய் அக்கா மொகத்த பாத்தா நான் பேச மாட்டேன். எனக்குத் தெரியும்."

வீடியோவில் அக்காவின் முகம் வந்தது. அங்கே காலை வெயில். பின்னால் அடுக்கடுக்காகப் புடவைகள். ரஹீமுன்னிசா எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், புடவைக் குவியலின் ஓரத்தில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஃபரா.

"தாவூது, நல்ல நேரத்துல போட்டடா. பச்சையா, ரோசாவா? நீயே சொல்லு. ஃபராவ எத்த கேட்டாலும் ஒங்க இஷ்டம் அத்தை, ஒங்க இஷ்டம் அத்தைங்குது. தங்கமான பொண்ணு."

இரண்டு புடவைகளையும் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, சீலைய கீழ வையி."

"இன்னாடா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மொகம் இன்னா இப்டி கீது?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது. அக்கா... நான் ஃபராவ ஒரு வார்த்த கேக்காம ஒனக்கு வாக்கு குடுத்துட்டேன். தப்பு என்னோடது. அவளுக்கு இதுல இஷ்டமில்லக்கா."

கடைக்காரன் எதையோ விரித்து உதறும் சத்தம் கேட்டது. ஃபரா அசையாமல் இருந்தாள். அக்கா திரும்பி அவளைப் பார்ப்பார் என்று அஜீசுன்னிசா எதிர்பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த ஒனக்கு யாரு சொன்னது?"

தாவூதின் கண் அஜீசுன்னிசா பக்கம் போய் வந்தது. அதிலேயே அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"போன அஜீசு கிட்ட குடு."

தாவூது கொடுக்கவில்லை. "எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுக்கா" என்றார். அஜீசுன்னிசா அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் பேசியதையெல்லாம் கூட்டினாலும் "சரிங்கண்ணி" என்பதற்கு மேல் தேறாது. திரையில் தன் முகம் ஒரு மூலையில் சின்னதாகத் தெரிவதைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணி, நான்தான் சொன்னேன். அவுரு மேல கோவப்படாதீங்க. உபைது மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. அவன் எப்பவும் எங்க வூட்டுப் புள்ளதான். ஆனா இந்தக் கல்யாணம் வேணாங்கண்ணி."

ரஹீமுன்னிசா கையிலிருந்த பச்சைப் புடவையைக் கீழே வைத்தார். மடியில் கிடந்த ரோஜா நிறப் புடவையை எடுக்காமல் அதன் சரிகையை விரலால் தடவினார். அவர் முகத்தில் இருப்பது கோபமா, வேறு ஏதாவதா என்று இவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஃபரா" என்றார், திரும்பாமலே. "நீ கீழ போய் ஆட்டோல ஒக்காரு. நானும் ஒங்கம்மாவும் தனியா கொஞ்சம் பேசணும்."

ஃபரா எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அத்தையின் மடியிலிருந்த புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, அந்த இடத்தை ஒட்டி உட்கார்ந்தாள். இப்போது திரையில் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

"என்னப் பத்தித்தான அத்தை பேசப் போறீங்க" என்றாள். "நானும் இங்கயே இருக்கேன்."